மண்டை காயும் நேரம்

கல்லூரிச் சுற்றுச்சுவர் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை இருக்கும். அதை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. முன்தூணில் ஒரு முழக் கயிறு தொங்கும். அதன் நுனி காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும்வரை அணையாமல் கனிந்துகொண்டே இருக்கும். இப்போது பல கடைகளில் கயிற்றின் இடத்தில் நூலில் கட்டிய லைட்டர் ஆடுகிறது. மற்றபடி திருநெல்வேலியானாலும் சரி, திருவண்ணாமலையானாலும் சரி, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையானாலும் சரி, காட்சி ஒன்றுதான். பதினோரு மணி இடைவேளையில் நாலைந்து பையன்கள் வந்து நிற்பார்கள். யாருக்கு எந்தச் சிகரெட் என்று கடைக்காரருக்குத் தெரியும். வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவர் கை பெட்டிக்குள் போகும்.

“என்ன மச்சி, காலைலயே ரெண்டாவதா?”

“மண்டை காயுதுடா. செம டென்ஷன்.”

அதற்குப் பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விடும். கிரிக்கெட், நேற்று வந்த படம், வகுப்பில் திட்டு வாங்கியவன். டென்ஷன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் எதற்கு என்று இன்னொருவன் கேட்பதில்லை. கேட்காமல் தன் கையில் இருப்பதில் பாதியை நீட்டுவான். அந்த வயதில் ஒரு பையன் இன்னொரு பையனுக்குக் காட்டத் தெரிந்த கருணை அதுதான். அதைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

டென்ஷனுக்குப் பின்னால் என்னென்னவோ இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் மூன்று மாதமாகப் புரிந்திருக்காது. கல்விக்கடனுக்காக அப்பா வங்கி வாசலில் நின்ற கோலம் கண்ணை விட்டுப் போகாமல் இருக்கும். ஒரு பெண் பேசுவதை நிறுத்தியிருப்பாள். எதுவுமே நடக்காமல், காலையில் எழும்போதே நெஞ்சில் கல் வைத்தாற்போல இருக்கும். ஏனென்று அவனுக்கே தெரியாது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனியாகச் சொற்கள் உண்டு. விசனம், சஞ்சலம், ஏக்கம், குமைச்சல், படபடப்பு, வெறுமை. பாட்டிகள் “மனசு ஒரு நிலையில இல்லப்பா” என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பையன்களுக்கு அந்தச் சொற்கள் வாயில் வருவதில்லை. எல்லாவற்றையும் அள்ளி டென்ஷன் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். நோய்க்குப் பெயர் ஒன்று என்றானபின் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது.

அந்த மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியை நம் எச்சரிக்கைகள் எதுவும் எழுப்புவதில்லை. திரையரங்கில், பேருந்து நிலையத்தில், பாக்கெட்டின் அட்டையில் எல்லாம் நுரையீரலையும் தொண்டையையும் பற்றித்தான் பேச்சு. அவை அத்தனையும் உண்மை. ஆனால் முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் நோயைப் பதினெட்டு வயதுக்காரனின் மனம் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதில்லை. அவனுக்கு வலிப்பது இன்றைக்கு, இந்த இடைவேளையில். எந்த வலிக்காக அதை வாங்கினானோ அந்த வலியையே அது கூட்டுகிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

*

சிகரெட்டும் மன அழுத்தமும் எப்படி ஜோடி சேர்ந்தன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஸ்ட்ரெஸ் என்ற சொல் இன்றைய பொருளில் உலகெங்கும் புழங்குவதற்கு ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் முக்கியக் காரணம். வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரியலில் குடியேறியவர். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, நச்சு என்று எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் எலியின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பிலிருந்து ஒரு பெரும் துறை வளர்ந்தது. பின்னாளில் செல்யேயின் ஆய்வுக்குப் புகையிலைத் தொழில்துறை பணம் கொடுத்தது. 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். மன அழுத்தத்தைத் தணிக்கும் வழியாகப் புகைத்தலுக்கு ஒரு நற்பயன் இருக்கலாம் என்பது அவர் வாதம். அவருக்கும் நிறுவனங்களுக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலை, அந்த நிறுவனங்களின் உள் ஆவணங்களைப் படித்து மார்க் பெட்டிகுரூவும் கெல்லி லீயும் 2011இல் விரிவாக எழுதினார்கள்.

இன்னொரு ஆவணம் இதைவிட நேரடியானது. 1973இல் அமெரிக்காவின் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த கிளாட் டீக் என்பவர், இளைஞர்களுக்கான புதிய சிகரெட்டை எப்படி உருவாக்கலாம் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். பதின்பருவத்தின் மனநிலையை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். அந்த வயதில் மன இறுக்கம் அதிகம், சலிப்பு அதிகம், நாலு பேர் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் தருணங்கள் அதிகம். ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்கும் நிமிடம் அந்தத் தவிப்பில் கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது என்று அவர் எழுதினார். முதல் சிகரெட் யாருக்கும் பிடிப்பதில்லை, உடலுக்கு அதைப் பழக்கித்தான் ஆகவேண்டும், ஆகவே தொடங்க வைப்பது மனக்காரணங்கள்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1990களில் அமெரிக்காவில் நடந்த வழக்குகளால் இப்படிப்பட்ட தாள்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன.

ஒரு தாய், ஒரு ஆசிரியர், ஒரு விடுதிக் காப்பாளர் ஆகியோர் ஒரு பையனின் முகத்தில் பார்க்கத் தவறியதை ஒரு வியாபாரி பார்த்துவிட்டார். அவன் தனிமையை, கூச்சத்தை, கை வைக்க இடம் தெரியாத சங்கடத்தை அவர் அக்கறையோடு கவனித்தார். அந்த அக்கறை எதற்கு என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

*

உள்ளே என்ன நடக்கிறது?

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் பத்து, இருபது நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. ஊசி மருந்துகூட அவ்வளவு விரைவில் போய்ச் சேராது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. டோபமின் சுரக்கிறது, கொஞ்சம் தெளிவு, கொஞ்சம் இதம். சில வாரங்களில் மூளை அந்த ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. பெருகிய வாய்கள் இப்போது பசியோடு காத்திருக்கின்றன. ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எட்டு மணிக்குப் பிடித்தவனுக்குப் பத்து, பத்தரைக்குள் உள்ளே ஏதோ அரிக்கத் தொடங்கும். எரிச்சல், படபடப்பு, கவனம் நிற்காமை, காரணமில்லாத சோர்வு. இவை நிக்கோட்டின் குறைவதன் அடையாளங்கள். மனக்கவலையின் அடையாளங்களும் ஏறக்குறைய இவைதான். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய அனுபவசாலிக்கே கடினம். பதினேழு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே அவன் எல்லாவற்றுக்கும் டென்ஷன் என்று பெயர் வைக்கிறான். இடைவேளைக்கு ஓடுகிறான். ஒரு இழுப்பில் எல்லாம் அடங்குகிறது. அடங்கியது உண்மை. அடங்கியதில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போன குறை என்பதும் உண்மை.

சென்னைச் சந்தைகளில் தண்டல் என்றொரு கடன் உண்டு. விடியற்காலையில் காய்கறி எடுக்கப் பணமில்லாத வியாபாரி 900 ரூபாய் கையில் வாங்குவார். சாயங்காலம் 1000 ரூபாயாகக் கொடுப்பார். வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணமே கைக்கு வரும். மறுநாள் காலையில் மீண்டும் பணம் இருக்காது. தண்டல்காரர் இல்லையென்றால் பிழைப்பே இல்லை என்று அவருக்குத் தோன்றும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை ஏழையாக்கியது எது என்று நின்று யோசிக்க நேரம் இருக்காது. நிக்கோட்டின் தரும் நிம்மதியின் கணக்கும் இதுதான்.

பிரிட்டனின் உளவியலாளர் ஆண்டி பாரட் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கணக்கை வரிசைப்படுத்தியது. புகைப்பவர்களின் மன இறுக்கம் புகைக்காதவர்களைவிடச் சற்று அதிகம். பதின்பருவத்தினர் வாடிக்கையாகப் புகைக்கத் தொடங்கியபின் அவர்கள் உணரும் இறுக்கம் கூடுகிறது. விட்டவர்களுக்கு அது குறைகிறது. ஒவ்வொரு சிகரெட்டும் புகைப்பவனை மேலே தூக்குவதில்லை. புகைக்காதவன் சாதாரணமாக நிற்கும் தரைக்குக் கொஞ்ச நேரம் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி கீழே இறக்குகிறது.

செமஸ்டர் தேர்வு மூன்று மணி நேரம் நடக்கும். இரண்டு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை நம்பி இருப்பவன் அந்த அறைக்குள் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று யோசிக்கலாம். கடைசி ஒரு மணி நேரம் கேள்வித்தாள் கண்ணில் நிற்காது. வெளியே வந்து பற்றவைத்ததும் தெளிவு பிறக்கும். “ஒரு தம் போட்டாதான்டா மூளை வேலை செய்யுது” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மூளையை வேலை செய்யவிடாமல் வைத்திருந்ததும் அதே தம்தான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

*

இந்த வலையில் சிக்க எத்தனை நாளாகும்? ஒரு நாளைக்குப் பத்து, ஆண்டுக்கணக்கில் பிடித்தால்தான் அடிமையாவோம் என்று பையன்கள் நம்புகிறார்கள். “நான் எப்பவாவதுதான் மச்சி” என்பது எல்லாக் கல்லூரியிலும் கேட்கும் வாசகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃப்ரான்ஸா என்ற மருத்துவர் 12, 13 வயதுள்ள 681 மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் 95 பேர் எப்போதாவது புகைக்கத் தொடங்கியிருந்தார்கள், மாதத்துக்கு ஒன்றாவது என்ற அளவில். அந்த 95 பேரில் 22 சதவீதத்தினரிடம் நான்கு வாரத்துக்குள் அடிமைத்தனத்தின் ஓர் அடையாளமாவது தென்பட்டது. ஓராண்டுக்குள் ஏதேனும் ஓர் அடையாளம் தெரிந்தவர்கள் 63 சதவீதம். தினமும் புகைக்கும் நிலைக்கு வருமுன்பே பலருக்குக் கடிவாளம் கைமாறிவிடுகிறது.

இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களிடம் 2019இல் நடத்தப்பட்ட உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிறுவர்கள் 9.6 சதவீதம், சிறுமிகள் 7.4 சதவீதம். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேரும், பீடி பிடித்துப் பார்த்தவர்களில் 47 சதவீதம் பேரும் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியவர்கள். பத்து வயதுக் குழந்தை பீடியை எங்கே பார்த்தது? “டேய், கடைக்குப் போயி தாத்தாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா, மீதிக்கு மிட்டாய் வாங்கிக்க” என்ற வாசகத்தைக் கேட்காமல் வளர்ந்த தலைமுறை நம் ஊரில் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

*

துயரம் முதலில் வந்ததா, புகை முதலில் வந்ததா?

ஆய்வாளர்கள் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. எலிசபெத் குட்மனும் ஜான் கேபிட்மனும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பதின்பருவத்தினரை ஓராண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்தது. முதல்முறை மனச்சோர்வு இல்லாதவர்களில் புகைப்பவர்களுக்கு, அடுத்த ஆண்டுக்குள் கடும் சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. அப்படியானால் புகைதான் முன்னோடி. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜார்ஜ் பேட்டனின் குழு பள்ளி மாணவர்களை மூன்றாண்டு பின்தொடர்ந்து வேறொன்றைக் கண்டது. மனச்சோர்வும் பதற்றமும் உள்ள மாணவர்கள் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் முக்கியமாக, அவர்களைச் சுற்றிப் புகைக்கும் நண்பர்கள் இருக்கும்போது. துயரம் மட்டும் தீக்குச்சியைத் தேடிப் போவதில்லை. துயரத்தில் இருப்பவன் நீட்டப்பட்ட கையைத் தட்டிவிடும் வலுவை இழந்திருக்கிறான்.

2017இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் தொட்ட 148 நீண்டகால ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதியில் சோர்வோ பதற்றமோ முன்னால் வந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் புகை முன்னால் வந்திருந்தது. இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், இரண்டுக்கும் பொதுவான மரபுக்கூறு ஒன்று பின்னால் இருக்கக்கூடும் என்று காட்டியிருக்கின்றன. ஒரு கதவு இருபக்கமும் திறக்கும் கதவாக இருந்தால் முதலில் எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று கேட்பதில் ஓரளவுக்குத்தான் பயன். நம்மிடம் நிற்கும் பையன் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் குழந்தைப்பருவம் வருகிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,215 பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதில் அனுபவித்த வன்முறை, அவமானம், பாலியல் கொடுமை, வீட்டுக்குள் அடிதடி, குடி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டார்கள். 1999இல் முடிவு வந்தது. இவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ வகைகளை அனுபவித்தவர்கள் 14 வயதுக்குள் புகைக்கத் தொடங்கியிருக்கும் வாய்ப்பு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு பையனின் விரலிடுக்கில் இருக்கும் சிகரெட்டை அவன் திமிர் என்று படிக்க நம் ஊர் பழகியிருக்கிறது. அதை ஒரு வீட்டின் வரலாறாகவும் படிக்க முடியும்.

*

நிக்கோட்டினைத் தவிர அந்த ஐந்து நிமிடம் வேறு சிலவற்றையும் கொடுக்கிறது. கட்டட வேலையில், மெக்கானிக் ஷெட்டில் இருக்கும் பையன்களைக் கவனித்தால் இது புரியும். “ஒரு பீடி போட்டுட்டு வந்துடுறேண்ணே” என்றால் மேஸ்திரி தலையாட்டுவார். “சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேண்ணே” என்றால் திட்டு விழும். ஓய்வு என்பது கேட்டால் கிடைக்காது. புகையின் பெயரில் கேட்டால் கிடைக்கும். மென்பொருள் நிறுவனத்தின் பத்தாவது மாடியிலும் இதே வழக்கம் வேறு உடையில் நடக்கிறது. புகைக்காதவன் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வேலை செய்யவில்லை என்று பெயர்.

ஓய்வு ஒன்று. துணை இன்னொன்று. நெருப்பு கேட்பதன் மூலம் முன்பின் தெரியாத ஊரில் முதல் நட்பு கிடைக்கிறது. மூன்றாவதாக மூச்சு. ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடுவது பதற்றத்தை இறக்கும். நாள் முழுவதும் அரைமூச்சில் ஓடுகிறவன் முழு மூச்சு விடுவது அப்போதுதான். பையன் தேடிப் போனவை பெரும்பாலும் இந்த மூன்றும். மூன்றுக்கும் சிகரெட் தேவையில்லை. ஆனால் சிகரெட் இல்லாமல் மூன்றையும் கொடுக்க நம் வகுப்பறைகளும் வேலைத்தளங்களும் விடுதிகளும் இன்னும் வழி செய்யவில்லை.

பெண்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது. சிகரெட் பிடிக்கும் பெண் என்றதும் ஊர் அவள் நடத்தையைப் பேசத் தொடங்கிவிடுகிறது. அவள் மனம் பேச்சில் வருவதேயில்லை. விடுதி மொட்டைமாடியிலும் பூட்டிய குளியலறையிலும் புகைப்பவள், விடவேண்டும் என்று நினைத்தாலும் யாரிடம் போய்ச் சொல்வாள்? பழக்கத்தை ஒப்புக்கொள்வதே பழியை ஏற்பதாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுக்கிறது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பனையே கூடாது என்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இறுகியது. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கு. 2019இல் மின்சிகரெட்டுக்கு நாடு முழுவதும் தடை. ஆனால் பையன்கள் பாக்கெட் வாங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்று சில்லறையில் வாங்குகிறார்கள். எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் பெட்டிக்குள் இருக்க, வெள்ளையாக, எழுத்தே இல்லாமல் ஒரு குச்சி மட்டும் அவன் கைக்கு வந்து சேர்கிறது. அவன் பாக்கெட் பணத்துக்கும் அது கட்டுப்படியாகிறது. மகாராஷ்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடைசெய்தது இதை உணர்ந்துதான்.

கல்லூரிகள் இதை ஒழுங்கு விவகாரமாக மட்டும் பார்க்கின்றன. பிடிபட்டால் அபராதம், பெற்றோரை அழைத்து வரச் சொல்வது, மன்னிப்புக் கடிதம். விதி வேண்டியதுதான். ஆனால் துறைத்தலைவர் அறையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த அறையில் இருக்கும் நாலு பெரியவர்களில் ஒருவர்கூட அவனைப் பார்த்து, “உனக்கு என்னப்பா கஷ்டம்?” என்று கேட்பதில்லை. அவன் அங்கிருந்து நேராக எங்கே போவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

மனநல மருத்துவத் துறையே இதில் நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மனநோயாளிகளுக்குச் சிகரெட் ஒன்றுதான் ஆறுதல், அதையும் பிடுங்க வேண்டாம் என்ற எண்ணம் உலகெங்கும் மருத்துவமனைகளில் இருந்தது. நல்லபடியாக நடந்துகொண்டால் சிகரெட் பரிசாகக் கொடுத்த வார்டுகள் உண்டு. விளைவு, 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி அந்நாட்டில் புகைக்கப்பட்ட சிகரெட்டுகளில் 44 சதவீதம், சமீபத்தில் மனநலக் குறைபாடு இருந்தவர்களால் புகைக்கப்பட்டவை. இரக்கம் என்று நினைத்துச் செய்தது அவர்களைத்தான் அதிகம் கொன்றது.

2014இல் ஜெம்மா டெய்லரும் அவருடைய குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். புகைப்பதை விட்டவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அந்த முன்னேற்றம் ஒரே அளவில் இருந்தது. 2021இல் 102 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. விட உதவும் மருந்துகள் மனநிலையைக் கெடுக்குமோ என்ற அச்சத்தை, 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனை ஒன்று பெருமளவு போக்கியது.

ஆனால் இந்த நல்ல செய்தி வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு மோசமான வாரம் இருக்கிறது. விட்ட முதல் நாளே எரிச்சல் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். தூக்கம் கெடும், யார் பேசினாலும் கோபம் வரும், அழுகைகூட வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். மூன்றாம் நாளில் இருப்பவனுக்கு அது தெரியாது. “சிகரெட் இல்லாம என்னால இருக்க முடியாது, இதான் நான்” என்று முடிவு கட்டிவிடுகிறான். மூன்றாம் நாளின் முகத்தைத் தன் நிரந்தர முகம் என்று எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் கதை மாறும். 2002இல் இந்தியாவில் 13 இடங்களில் புகையிலையை விட உதவும் மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் பெங்களூரின் மனநல நிறுவனமான நிமான்ஸும் அவற்றில் அடக்கம். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் 2016 முதல் இயங்குகிறது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, டெலி-மனஸ் என்ற மனநல உதவிச் சேவை தொடங்கியது. 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். 2015-16இல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. முதல் உதவி எண் புகையிலைக்கு, இரண்டாம் உதவி எண் மனதுக்கு. இந்தப் பையனுக்கு இரண்டும் ஒரே நோய். ஒன்றுக்காகப் போய் உட்கார்ந்தவனிடம் மற்றதையும் கேட்கும் ஒருவர் கல்லூரிதோறும் வேண்டும். தண்டனை தரும் அதிகாரம் இல்லாத, கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர்.

விடுகிறவன் இழப்பதில் பெரியது அந்த முனையில் கிடைத்த இடம். இடைவேளையில் எல்லோரும் கிளம்பும்போது அவன் மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது. பல பேர் நிக்கோட்டினுக்காக அல்ல, அந்த வட்டத்துக்காகத் திரும்பிப் போகிறார்கள்.

ஆனால் அங்கே போய் நிற்கிறவர்களும் உண்டு. நாலைந்து பேர் நிற்கிறார்கள். கயிற்றின் நுனி கனிந்துகொண்டிருக்கிறது. கடைக்காரரின் கை பழக்கத்தில் பெட்டிக்குள் போகிறது.

“வேணாம்ணே. டீ மட்டும்.”

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவனிடம் ஒன்றும் சொல்லாமல், டீக்கடைக்காரரிடம் கண்ணாடிக் கிளாஸை நகர்த்திக் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் நண்பன் எடுத்ததைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டு நிற்கிறான்.

“எத்தனை நாளாச்சுடா?”

“மூணு. மண்டை காயுது.”

“எதுக்கு மச்சி?”

அவன் டீயை ஊதிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.

“கிளாஸ்ல நடத்துறது ஒண்ணுமே புரியலடா. ஜூன்லேர்ந்தே புரியல. வீட்ல நல்லாப் படிக்கிறேன்னு நெனச்சிட்டிருக்காங்க.”

இடைவேளை முடிந்து மணி அடிக்கிறது. மற்றவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் இன்னும் அந்த முனையில்தான் நிற்கிறார்கள்.